வேலாயி வாசல் எலுமிச்சம்பழம்

தேயிலை இஸ்டோரு, அதாவது தேயிலை ஆலை, ஓடும்போது அதன் சத்தம் யார் காதிலும் விழாது. நின்றால்தான் விழும். பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறிப்போகிற நடுப்பாறைத் தோட்டத்தில் பிள்ளை தூங்குவது, சோறு வேகுவது, சண்டை போடுவது எல்லாம் அந்த இரைச்சலுக்குள்ளேயே நடக்கும். நேரமில்லாத நேரத்தில் சத்தம் நின்றுவிட்டால், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். யார் வீட்டுக்காரன் என்று கேட்கமாட்டார்கள். சும்மா நிற்பார்கள்.

ரோதை என்றால் சக்கரம். இஸ்டோருக்குள் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் பேர். அந்த ரோதைக்குக் காவலாக ஒரு சாமியும் உண்டு, ரோதைமுனி. கோயில் கோபுரம் ஒன்றும் கிடையாது. இஸ்டோருக்குப் பின்னால், விறகு அடுக்குகிற இடத்தைத் தாண்டி, மண்மேட்டின் அடியில் இடுப்புயரக் கல் ஒன்று. எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருக்கும். எந்திரத்தில் மாட்டப்போய்ப் பிழைத்தவன் நேராக வீட்டுக்குப் போகமாட்டான். அந்தக் கல்லுக்குப் போய் எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து இரண்டு பக்கமும் வைப்பான். அங்கே கிடக்கிற சாம்பலை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். என்ன நடந்தது என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது, பெண்டாட்டியிடம்கூட. சொன்னால் முனி தன் கையை எடுத்துக்கொள்ளும், அடுத்த தடவை தப்பமுடியாது என்பார்கள். நெற்றியில் சாம்பலோடு ஒருவன் வந்தால் மற்றவர்களும் கேட்கமாட்டார்கள். அதுதான் மரியாதை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்து இரண்டு மூன்று வருஷம் ஆனபோது மொஹிதீன் ஐயா அந்த இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கராக வந்தார். பண்டாரவளையில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் அவர் கண்ணெதிரே ஒரு ஆளின் கை முழங்கையோடு போயிருந்தது. அன்றைக்கு அந்த ஆளைத் தூக்கிப் போகும்போதுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்களாம். அந்த எந்திரம் போன மாதம் என்னை இழுக்கப் பார்த்தது, அதற்கு முந்தின மாதம் என்னை இழுக்கப் பார்த்தது என்று. அது அவர் மனதிலிருந்து போகவில்லை.

வந்த வாரமே ஒரு நாள் காலை, இஸ்டோரு வாசலில் எல்லாரையும் நிறுத்திப் பேசினார்.

"அடிபட்டா எனக்குச் சொல்றீங்க, ஆஸ்பத்திரிக்கு அனுப்புறன். அது போதாது. அடிபடாமத் தப்பினா அதையும் சொல்லுங்க. கால் வழுக்கினாச் சொல்லுங்க. சேலை மாட்டி இழுத்து எடுத்தாச் சொல்லுங்க. யாரு பிழைன்னு நான் கேக்கமாட்டன். யாரையும் நிப்பாட்டமாட்டன். எந்த இடம்னு மட்டும் சொன்னாப் போதும்."

கூட்டத்திலிருந்து வீரசிங்கம் கையைத் தூக்கினான். கொழுந்து நசுக்குகிற உருளை மேசையில் வேலை செய்கிறவன், வாய்க்காரன். "ஐயா, பொண்டாட்டி எறிஞ்ச அகப்ப தலையில படாமத் தப்பிச்சாலும் சொல்லலாங்களா?"

"அது ஒங்கட லயத்து ரோதை வீரசிங்கம். அதுக்கு நான் டீமேக்கர் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். வீரசிங்கத்தின் பெண்டாட்டி பாக்கியலெட்சுமி மட்டும், "லயத்துக்கு வா, இன்னைக்குத் தப்பிக்கிறியா பாப்போம்" என்றாள்.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதிப் போடட்டும் என்று ஐயா ஒரு மரப்பெட்டி செய்வித்து, மூடியில் வாய் வெட்டி, எல்லாரும் கடந்துபோகிற பின்பக்க மண்மேட்டில் கம்பம் நட்டு அறைந்தார். அவருக்கு அந்தக் கல் வெறும் கல்தான். பெட்டி முனிக்கு நேர் மேலே அமைந்துவிட்டது. சனங்களுக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். பள்ளிவாசல் போகிற ஐயா நம்ம முனிக்கு உண்டியல் வைத்துவிட்டாரே என்று. மாதக் கடைசியில் அவர் திறந்தபோது கர்ப்பூரக் கட்டியும், மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக் காசும், யாரோ ஒரு பெண் கழற்றிப் போட்ட வெள்ளி மெட்டியும் இருந்தன. எழுத்து என்று ஒரு துண்டுகூட இல்லை. ஐயா அந்த மெட்டியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாராம். பிறகு எல்லாவற்றையும் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, "எழுத வாணாம். வாயால சொல்லுங்க, என்ட ஆபீஸ் கதவு தொறந்துதான் கிடக்கும்" என்றார்.

கதவு திறந்து கிடந்தது. யாரும் போகவில்லை.

வேலாயியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன், மக்களே. அவள் இஸ்டோரில் காம்பு பொறுக்குகிறவள். காய்ந்த தேயிலையில் கலந்து கிடக்கிற காம்பையும் நாரையும் விரலால் பிரித்தெடுக்கிற வேலை. புருஷன் கந்தப்பன் இரண்டாவது உருளை மேசைக்காரன். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவளும் மாப்பிள்ளையோடு இந்தியாவுக்குப் பேர் பதிந்து தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டாள். பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டே பேர். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் வீரசிங்கமும் பாக்கியமும். சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் வேலாயி இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியம், "அக்கா, கொத்தமல்லி போட்டுக் குடிங்க" என்பாள். மகள் போன வருஷம் வேலாயிக்குச் சோறு இறங்கினதென்றால் அந்தச் சத்தத்தால்தான்.

உருளை மேசை என்பது பித்தளைத் தகடு அடித்த பெரிய வட்ட மேசை. மேலே கொழுந்து நிறைந்த தொட்டி. தொட்டி சுற்றச் சுற்ற, வாடின கொழுந்து நசுங்கி முறுக்கிக்கொள்ளும். கூரையடியில் ஓடுகிற இரும்புத் தண்டிலிருந்து ஒரு தோல்பட்டி இறங்கி மேசையைச் சுழற்றும். நிறுத்துவதற்கு ஒரு கட்டை உண்டு. அதைத் தள்ளினால் பட்டி பக்கத்திலிருக்கிற வெறும் சக்கரத்துக்கு நகர்ந்துவிடும். மேசை நிற்கும், பட்டி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நின்ற பிறகு, ஒட்டிக்கிடக்கிற கொழுந்தை வழிக்கக் கையை உள்ளே விடுவார்கள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு விடியற்காலை. இரவு வேலை முடிந்து கந்தப்பன் வந்தான். நெற்றியில் சாம்பல்.

வேலாயி ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்து, இடித்த மிளகாய்க் கட்டசம்பல் வைத்து, பாலில்லாத சாயத் தண்ணியும் பக்கத்தில் வைத்தாள். அவன் இடது கையால் ரொட்டியைப் பிய்த்தான். வலது கை மடியில் கிடந்தது. காயம் இல்லை, விரல் எல்லாம் இருந்தது. அவன் அதை யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சட்டயக் கழட்டுங்க, தொவைக்கணும்."

கழற்றிக் கொடுத்தான். சட்டையின் வலது கை, முழங்கைக்குக் கீழே, ஈரத்துணியைப் பிழிந்தமாதிரி முறுக்கிக் கிழிந்திருந்தது. பட்டியில் மாட்டியிருந்தால் கறுப்பு எண்ணெய் பிடித்திருக்கும். இதில் பச்சைச் சாறு, கொழுந்துச் சாறு. அப்படியென்றால் கை தொட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது. ஓடுகிற மேசைக்குள் கையை விட அவன் பைத்தியக்காரன் இல்லை.

வேலாயி அந்தச் சட்டைக் கையை விரித்துப் பிடித்தாள். "நிப்பாட்டுன மேச தானா ஓடுச்சா?"

அவன் தட்டைத் தள்ளினான். "கேக்காத."

"ஏங்க, பகலைக்கு அதுல வீரசிங்கமுல்ல நிப்பாரு?"

அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "அவன வயித்துவலின்னு சொல்லிட்டு லயத்துலயே நிக்கச் சொல்லு. ஏன்னு சொல்லாத. சொன்னீன்னா என் கைய நீயே வெட்டிப் போட்டமாதிரி."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு ஓடினாள். மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் கொட்டுகிற இடம். பாக்கியம் அங்கே பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், இன்னைக்கு ஒம்வீட்டுக்காரர வேலைக்கு அனுப்பாத."

"ஏக்கா, மழைன்னுட்டா? மழை வெளியில பேயும், இஸ்டோருக்குள்ளயா பேயும்?"

"வயித்துவலின்னு சொல்லச் சொல்லு."

"அந்தாளுக்கா? நேத்து ராத்திரி எம்பங்கு மரவள்ளியையும் சேத்துத் தின்னுட்டு ஏப்பம் விட்டுச்சு. என்னக்கா, கனா கினா கண்டீங்களா?"

"கண்டேன்னு வச்சுக்கயேன்."

"அட போங்கக்கா. ஒரு நாள் பேர் போனாக் கூலி போச்சு, நீங்களா அரிசி தருவீங்க? இந்த மாசமே அரைப்பட்டினி." பாக்கியம் பானையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் போனாள்.

வேலாயி குடத்தைப் பீலியின் அடியில் வைத்தாள். அது நிறைந்து வழிந்தது. சொன்னால் தன் புருஷன் கைக்குக் காவல் போகும். சொல்லாவிட்டால் பாக்கியம் புருஷன் கை போகும். முனி இரண்டு பேருக்கும் பொதுவான சாமிதானே, இவள் வாயைத் திறந்ததற்காக ஒருவனைக் கைவிடுமா என்று நினைத்துப் பார்த்தாள். அந்தக் கல்லைப் பற்றி நிச்சயமாக அவளுக்கு ஒன்றும் தெரியாது. மேசையைப் பற்றித் தெரியும்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு இஸ்டோருக்கு நடந்தாள். நன்றாக விடிந்திருந்தது. பகலைக்கு நிற்கிற ஆட்கள் எல்லாம் வாசலில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே நடந்து, எந்தப் பெண்ணும் போகாத அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

"ஐயா."

"வாங்க வேலாயி. உள்ளுக்கு வாங்க."

உள்ளே போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டாவது மேசங்க. நிப்பாட்டினது தானா ஓடுது."

மொஹிதீன் ஐயா எழுந்துவிட்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. யாருக்கு என்ன ஆனது என்றும் கேட்கவில்லை. "கைகாலுக்குப் பழுதில்லையே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்க."

"அல்லாட காவல்."

அவர் போய், வீரசிங்கம் மேசைக்கு வருவதற்கு முன்னால் கூரைத்தண்டையே நிறுத்தினார். சத்தம் நின்றது. லயம் முழுக்கப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். மழைக்குள் அவர்களைக் கடந்து வேலாயி தன் குடத்தை எடுக்கப் பீலிக்குப் போனாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

பட்டியைக் கவ்வித் தள்ளுகிற கட்டையின் இரும்புக் கவை தேய்ந்து போயிருந்தது. கூரைத்தண்டு அதிரும்போது பட்டி மெல்ல மெல்ல நழுவி, வெறும் சக்கரத்திலிருந்து மேசைச் சக்கரத்துக்குத் தானாக வந்துவிடுகிறது. புதுக் கவை பதுளையில் வார்த்து வரவேண்டும். அதுவரை இரண்டாவது மேசை ஓடக்கூடாது என்றார் ஐயா. கொழுந்து தேங்கிச் சிவந்து வீணானது. தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்து ஐயாவை ஏசிவிட்டுப் போனார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார், மேசையை ஓடவிடவில்லை. சொன்ன வாக்குப்படி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. ஆனால் மேசை இல்லாதபோது மேசைக்காரனுக்கு இஸ்டோரில் என்ன வேலை? கந்தப்பனையும் வீரசிங்கத்தையும் மலைக்கு அனுப்பினார்கள், மழையில் தண்ணீர் வடிகிற கான் வெட்ட.

அட்டைக்கடியோடும் சளியோடும் வீரசிங்கம் வந்து படுத்தான். கூரைக்கும் நடுச்சுவருக்கும் இடையில் அவன் இருமல் இந்தப் பக்கம் வந்தது. வேலாயி கொத்தமல்லித் தண்ணி கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

பாக்கியம் வாசலை விட்டு நகரவில்லை. "என்னத்துக்கு? இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"கொத்தமல்லிதான் பாக்கியம்."

"எம்புருசன் அந்த மேசையில இத்தன வருசம் நின்னுச்சு. கை போச்சா? விரல் போச்சா? ஒரு நகம் போச்சா? ஒண்ணும் நடக்கலயே. நடக்காத ஒண்ணுக்கு எங்கள மழையில தள்ளிட்டீங்களே அக்கா."

"நடந்திருக்கும்டி."

"நடந்திருக்குமாம்! நடக்கலயே!"

சொல்லுங்கள் பார்ப்போம். நடந்துவிட்ட ஒன்றைக் காட்டலாம். நடக்காமல் போனதை எப்படிக் காட்டுவது? வீரசிங்கத்தின் கை பாக்கியத்தின் முதுகுக்குப் பின்னால் முழுசாக இருந்தது. இருந்ததுதான் பாக்கியத்தின் பக்கத்துச் சாட்சி.

"முனி சொன்னதையே மீறிட்டீங்க. இனி என்ன, நீங்களே அந்தக் கல்லு மேல ஏறி நில்லுங்க. ஒங்களுக்கே எலுமிச்சம்பழம் அறுக்குறோம்!"

அதைக் கேட்டு லயத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் கடைசி. பிறகு பீலியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. காம்பு பொறுக்குகிற இடத்தில் அவள் இரண்டு பக்கமும் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது. வீட்டுக்குள் கந்தப்பன் அவள் வைத்ததைத் தின்றான், அவள் துவைத்ததை உடுத்தினான். பேசவில்லை. கிழிந்த சட்டைக் கைக்கு அவள் பழைய சேலைத் துண்டு வைத்து, மயில்நீல நூலால் ஒட்டுப்போட்டுக் கொடியில் போட்டாள். அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். நடுச்சுவருக்கு மேலே அந்தப் பக்கத்துப் பேச்சு முன்போலவே வந்தது. அவளுக்காக வந்த சத்தம் மட்டும் வரவில்லை. இவள் இருமினால் அந்தப் பக்கம் அமைதியாகிவிடும்.

மார்கழியில் மழை மலையையே கரைத்தது. ஒரு பகல் மண்மேடு சரிந்து, ரோதைமுனிக் கல்லும் ஐயாவின் பெட்டியும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கின. இஸ்டோருக்கு ஒன்றும் ஆகவில்லை. "வாயத் தொறந்தவளால வந்தது" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். திருவிழாவுக்குக் கொடி ஏறாமல் கல்லைத் திரும்ப எடுத்து வைக்கக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஒரு பொழுதுசாயும் நேரம் வேலாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் அரவம். நிமிர்ந்து பார்த்தால், இஸ்தோப்புத் திண்ணையின் விளிம்பில் பெரியாயி உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. இலை காயவைக்கிற அடுப்பில் விறகு தள்ளுகிறவனின் தாய்.

"வாங்க அத்த" என்றாள் வேலாயி. எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு ஆள்!

பெரியாயி திரும்பவில்லை. மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து அறுத்து, வாசற்படியின் இரண்டு பக்கமும் வைத்தாள். "காய வைக்கிற அடுப்பு. கதவுக் கொண்டி நிக்கமாட்டேங்குது. நெருப்பு மூஞ்சிக்கு வந்துச்சு" என்று எதிரே இருந்த மூடுபனியைப் பார்த்துச் சொன்னாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பாக்கியம் கோபத்தில் எறிந்த வார்த்தையைப் பெரியாயி பயத்தில் எடுத்துக்கொண்டுவிட்டாள். கல் இல்லை, பிள்ளையின் முகம் வேகப்பார்த்தது, எங்கே போவாள்?

வேலாயி அடுப்பை அணைத்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். "காய வைக்கிற அடுப்புங்க. கதவுக் கொண்டி." மறுநாள் கொண்டி மாற்றினார்கள்.

அப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். பாக்கியத்தைத் தவிர லயத்தில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும். மாடிப்படியில் ஒரு பலகை, தேயிலை சலிக்கிற எந்திரத்தில் ஒரு ஆணி, விறகு லொறியின் பின்கதவு. முதுகைக் காட்டி உட்கார்ந்து, பனியிடம் சொல்லிவிட்டு, திரும்பாமல் போவார்கள். முதலில் அவள் ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றி வைத்துப் பார்த்தாள். யாரும் தொடவில்லை. கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதா? மறுநாள் பீலியில் அதே ஆட்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அந்த ஒதுங்கலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபக்காரியோடு என்றைக்காவது சமாதானம் ஆகலாம். கல்லோடு யார் சமாதானம் ஆவார்?

மொஹிதீன் ஐயாவுக்கு மட்டும் சந்தோஷம். "பாருங்க வேலாயி, இந்த மாசம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. சனங்க பேசத் தொடங்கிட்டாங்க."

"ஆமாங்கய்யா, பேசுறாங்க" என்றாள்.

புதுக் கவை வந்தது. கந்தப்பனும் வீரசிங்கமும் மேசைக்குத் திரும்பினார்கள். தை பிறந்தது, பனி இறங்கியது. கந்தப்பன் இன்னும் பேசவில்லை.

ஒரு மாலை, எதிர் லயம் தெரியாத அளவுக்கு மூடுபனி. வேலாயி மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். இஸ்தோப்பு விளிம்பில் யாரோ வந்து உட்கார்ந்தது தெரிந்தது. அவள் நிமிரவில்லை. இப்போதெல்லாம் வாங்க என்று சொல்வதையும் விட்டிருந்தாள். பழம் அறுபடுகிற வாசம் வந்தது. ஒரு பாதி இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம். வைத்த கையின் சட்டையில் மயில்நீல நூல் ஒட்டு.

அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

"மூணாவது மேச" என்றான் கந்தப்பன் பனியைப் பார்த்து. எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். "பட்டியில தையலு விட்டுருச்சு. பாதி பிரிஞ்சு சாட்டை மாதிரி வந்துச்சு. குனிஞ்சிட்டேன். தலைக்கு மேல போச்சு."

அவள் வாய் திறந்தது. சாமி பேசாது. அவள் பேசினாள். "பட்டுச்சா?"

முதுகு அசைந்தது. திரும்பிவிடப் போகிறான் என்று நினைத்தாள். அவன் திரும்பவில்லை. எழுந்தான், பனிக்குள் நடந்தான், லயத்துக் கோடி வரைக்கும் காலடிச் சத்தம் கேட்டது.

அவள் ஆபீசுக்குப் போய், "மூணாவது மேசங்க. பட்டித் தையல்" என்றாள். சத்தம் நின்றது. திரும்பி வரும்போது பெண்கள் வாசல்களில் நின்றார்கள், பாக்கியமும் நின்றாள். பாக்கியத்தின் கண் ஒரு நிமிஷம் படியில் இருந்த பழத்தின் மேல் இருந்துவிட்டு, வேலாயியின் மேல் வந்தது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

கிழங்கு வெந்து கொண்டிருந்தபோது கந்தப்பன் முன்பக்கத்துப் பாதையால் வந்தான், எந்த நாளும் வேலைவிட்டு வருகிறவனைப்போல. கால் கழுவினான். தலைப்பாகையை அவிழ்த்து ஆணியில் போட்டான். படியில் இருந்த எலுமிச்சம்பழத்தைத் தாண்டி உள்ளே வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். அவன் நெற்றியில் சாம்பல் இல்லை. அவள் கிழங்கும் சம்பலும் வைத்தாள். வலது கையால் பிட்டுத் தின்றான்.

அவள் அடுப்பருகே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டியது ஒன்றுமில்லை. அவன் சொல்லவேண்டியதை வாசலில் சொல்லியாகிவிட்டது.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். தட்டைப் பார்த்தபடியே, "உப்பு பத்தல" என்றான்.

வேலாயி எழுந்து போய் உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு எழுந்துபோகாமல் அங்கேயே உட்கார்ந்தாள்.